மந்தைவெளியில் ஒரு மன அழுத்த வகுப்பு: பற்றிக்கொள்ளக் கற்றுத் தருகிறார்கள், விட அல்ல

மந்தைவெளி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு பழைய தனிவீட்டின் மாடியில், சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் மன அழுத்தப் பயிற்சி வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. மொத்தம் 6 வாரங்கள், வாரத்துக்கு 2 மணி நேரம், ஒரு குழுவுக்கு 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, கட்டணம் 4,500 ரூபாய். வகுப்பின் பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே பேசப்படுவது வெளியே போகக்கூடாது என்று முதல் நாளே அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். குழு மிகச் சிறியது என்பதால், பெயரைச் சொன்னால் உடனிருந்தவர்கள் யார் என்று அந்த வட்டாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே பிறரைப் பற்றி எதுவும் சொல்லாமல், வகுப்பு எதைக் கற்பிக்கிறது, எப்படிக் கற்பிக்கிறது, எதைத் தொடாமலேயே விட்டுவிடுகிறது என்பதை என் வரையில் நடந்ததை வைத்து மட்டும் எழுதுகிறேன்.

மன அழுத்தத்துக்கென்று சென்னையில் கிடைப்பவற்றுக்குக் குறைவில்லை. மூச்சுப்பயிற்சி, யோகா, கடற்கரையில் கூடிச் சிரிக்கும் குழுக்கள், நிறுவனங்கள் மதிய உணவுக்குப் பிறகு நடத்தும் ஒரு மணி நேரச் சொற்பொழிவுகள் என்று பலவும் உண்டு. இந்த வகுப்பு அவற்றிலிருந்து வேறுபடுவது ஒரே இடத்தில்தான். அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று இது தொடங்குவதில்லை; உங்கள் வாழ்க்கையில் எது முக்கியம், அதற்காக என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று தொடங்குகிறது. விழுமியங்களும் (வாழ்க்கையில் எது முக்கியம் என்று நாம் மதிப்பவை) இலக்குகளும் தெளிவாக இருப்பவர்கள் நெருக்கடியைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதே வகுப்பின் அடிப்படை.

நான் தியாகராய நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற இரண்டு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் கெடுக்களுக்கு நடுவில்தான் எங்கள் மாதம் ஓடுகிறது. 19-ஆம் தேதி இரவு பில்களைக் கோணல்மாணலாகப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் வாடிக்கையாளர்கள் இல்லாத அலுவலகம் இந்த ஊரில் இருக்காது. வீட்டில் பக்கவாதம் வந்து இடது கை முடங்கிப்போன அப்பா. இவற்றோடு, சி.ஏ. இறுதித் தேர்வில் இரண்டாவது குரூப் பல ஆண்டுகளாக முடியாமல் நிற்கிறது. ரத்த அழுத்தம் பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டு, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வகுப்பு பெரும்பாலும் பாடம். 1936-இல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் எலிகளைக் குளிரில் வைத்தும், காயப்படுத்தியும், அளவுக்கு மீறி ஓடவிட்டும் பார்த்து, துன்பம் எதுவானாலும் உடல் ஏறக்குறைய ஒரே விதமாக எதிர்வினை காட்டுகிறது என்று எழுதினார். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வகுப்பை நடத்துபவர் நேராக 1984-க்கு வந்துவிட்டார். அந்த ஆண்டில் ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் முன்வைத்த விளக்கம் இந்த வகுப்பின் முதுகெலும்பு. ஒரு நிகழ்வு தானாக அழுத்தம் ஆகிவிடுவதில்லை. மனம் அதை இரண்டு முறை எடைபோடுகிறது. எனக்கு முக்கியமான ஏதாவது இதில் பணயமாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி, அதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தால், எவ்வளவு பெரிய குழப்பமும் நம்மைத் தொடுவதில்லை.

இதை நான் ஏற்கெனவே அறிந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. 20-ஆம் தேதி மாலை ஜி.எஸ்.டி. இணையதளம் நின்றுபோனால் எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு விதமாகப் பதறுகிறோம். சி.ஏ. படிப்புக்கான ஆர்ட்டிகிள் பயிற்சிக்கு வந்திருக்கும் பையனுக்கு அது வீட்டுக்குத் தாமதமாகப் போகும் விஷயம். வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும். எனக்கு இரண்டுமே இல்லை; ஒரு பைசா என் பையிலிருந்து போகாது. ஆனால் மூவரில் அதிகமாக வியர்ப்பது நான்தான். சொன்ன தேதிக்குச் சொன்ன வேலையை முடித்துக்கொடுப்பவன் என்ற பெயர் அங்கே பணயத்தில் இருக்கிறது. அழுத்தம் எங்கே வலிக்கிறதோ அங்கே நாம் மதிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை இவ்வளவு எளிமையாக விளக்கியதற்காகவே முதல் வகுப்புக்கு நல்ல மதிப்பெண் தருவேன்.

கட்டணத்துக்குரிய மதிப்பு முழுவதும் இருப்பது இரண்டாவது வகுப்பில். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லரும் அவருடைய சகாக்களும் 2001-இல் உருவாக்கிய விழுமியச் சீட்டுக் கட்டைத் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதில் 83 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு விழுமியத்தின் பெயரும், அதன் கீழ் ஒரு வரி விளக்கமும். கடமை, குடும்பம், செல்வம், புகழ், பணிவு, ஒழுங்கு, ஓய்வு, தனிமை, கடவுள் சித்தம் என்று போகிறது. கட்டில் இல்லாத ஒன்று உங்களுக்கு முக்கியம் என்றால் எழுதிச் சேர்த்துக்கொள்ள வெற்றுச் சீட்டுகளும் உண்டு. இந்தக் கட்டை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படியெடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால், இதற்கென்று தனியாகப் பணம் வாங்குவதில்லை. அதையும் அவர்களே முதலில் சொல்லிவிட்டார்கள். பல கைகள் பட்டுச் சீட்டுகளின் முனைகள் மடங்கியிருந்தன.

மிக முக்கியம், முக்கியம், முக்கியமில்லை என்று மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். பிறகு முதல் குவியலிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்த வேண்டும். எளிய வேலை போலத் தோன்றும். என் முன்னால் கால் மணி நேரத்தில் மிக முக்கியம் என்ற குவியல் மட்டும் சரிந்து விழும் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. நேர்மையை முக்கியமில்லை என்று யார் ஒதுக்குவார்கள், உடல்நலத்தை எப்படி ஒதுக்குவது? வகுப்பை நடத்துபவரின் திறமை வெளிப்பட்டது அப்போதுதான். அவர் விளக்கவுரை எதையும் ஆற்றவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மேலே இருந்த சீட்டை எடுத்து, "போன பதினைந்து நாளில் இதுக்காக நீங்க செஞ்ச ஒரு காரியம் சொல்லுங்க சார்" என்றார். பதில் இருந்தால் சீட்டு அங்கேயே இருக்கும். இல்லையென்றால் அவர் அதைப் பிடுங்கிப் போடவில்லை. மேசையின் ஓரத்தில் தனியாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். உடல்நலம் ஓரத்துக்குப் போனது. நட்பு போனது. ஆன்மிகம் கொஞ்சம் வாதாடிப் பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் கையில் நின்றவற்றில் ஒன்று கட்டிலேயே இல்லாதது: வெற்றுச் சீட்டில் நான் எழுதிய கற்றுக்கொடுப்பது. மதிய இடைவேளையில் ஆர்ட்டிகிள் பையன்களுக்கு லெட்ஜரை எப்படிப் பார்ப்பது, எந்த வவுச்சரில் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். அதை அதுவரை வேலை என்றுகூட நான் கணக்கில் வைத்ததில்லை.

ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீட்டுக் கட்டை அடுக்குகிறவர் தனி ஆள் என்ற எண்ணத்தில்தான் பயிற்சி முழுவதும் அமைந்திருக்கிறது. நம் வீடுகளில் ஒருவருடைய இலக்குக்கு மற்றவர்தான் நேரம் கொடுக்கிறார். கேட்டால் ஒரு வாரத்துக்குக் கட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள் என்பதால், நான் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். சமையல் முடித்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைவிட வேகமாகப் பிரித்தார். முதலிடத்தில் வைத்தது ஓய்வு. "நீங்க பரீட்சைக்குப் படிக்கறீங்கன்னா அந்த ரெண்டு மணி நேரம் அப்பாவை நான்தானே பாத்துக்கறேன், அதை எந்தச் சீட்டுல எழுதறது?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு வகுப்பில் இடமே இல்லை. வீட்டிலுள்ள ஒருவரை அழைத்துவரும்படி ஒரே ஒரு மாலை வைத்தால்கூடப் போதும்.

மூன்றாவது வகுப்பு எழுத்துப் பயிற்சி. தேர்ந்தெடுத்த விழுமியங்களில் ஒன்றைப் பற்றி, அது ஏன் முக்கியம், எப்போது அதன்படி நடந்தோம் என்று கால் மணி நேரம் எழுதச் சொல்கிறார்கள். உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988-இல் வகுத்த கோட்பாடு இதற்கு அடிப்படை: ஓரிடத்தில் அடி விழும்போது, நாம் அந்த ஓர் இடம் மட்டும் அல்ல என்பது நினைவில் இருந்தால் மனம் அந்த அடியைத் தாங்கும். கூடவே 2005-இல் வெளியான ஓர் ஆய்வையும் திரையில் காட்டினார்கள். டேவிட் கிரெஸ்வெல் குழுவினர் 85 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் அவர்களுடைய விழுமியங்களை நினைவுபடுத்தும் பயிற்சி கொடுத்து, பிறகு எல்லோரையும் ஆய்வகத்தில் நெருக்கடிக்கு உள்ளாக்கினார்கள். விழுமியங்களை நினைத்துப் பார்த்தவர்களின் உடலில் கார்ட்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பு குறைவாகவே ஏறியது.

இதுவரை சரி. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது, அது திரையில் வரவில்லை. அழுத்தமாக உணர்ந்தீர்களா என்று நேரில் கேட்டபோது, மிகக் குறைவாக உணர்ந்ததாகச் சொன்னவர்கள், விழுமியங்களை நினைத்துப் பார்த்ததோடு, முன்பே தன்மதிப்பும் நம்பிக்கையும் மிகுந்திருந்தவர்கள். சுரப்பில் வந்த மாற்றம் பொதுவானது. மனத்தளவில் கிடைத்த ஆறுதல் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. மனம் உடைந்து வருகிறவருக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டும். இல்லையென்றால் எழுதியும் இலேசாகவில்லையே, எனக்குள்தான் ஏதோ கோளாறு என்று இன்னொரு பாரத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார். இடைவேளையில் இதைக் கேட்டபோது, ஒரு ஸ்லைடில் எல்லாவற்றையும் வைக்க முடிவதில்லை என்றார்கள். நேர்மையான பதில்தான், போதுமான பதில் இல்லை. என் வரையில், 19-ஆம் தேதி மாலை எழுதிவிட்டு உட்கார்ந்த அன்று வேலை ஒரு துளியும் குறையவில்லை; வாடிக்கையாளரிடம் பேசும்போது குரல் ஏறவில்லை. அதற்கும் எழுதியதற்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

நான்காவது, ஐந்தாவது வகுப்புகளில் விழுமியத்திலிருந்து இலக்குக்கு வருகிறார்கள். 1980-களிலிருந்து ஸ்டீவன் ஹேஸும் மற்றவர்களும் வளர்த்தெடுத்த ஏற்பு, ஈடுபாட்டுச் சிகிச்சை (ACT) என்னும் உளவியல் முறையிலிருந்து எடுத்தாண்ட வேறுபாடு இது: இலக்கை அடைந்து முடிக்கலாம், விழுமியத்தை முடிக்க முடியாது. அப்பாவின் கையைப் பழையபடி தூக்க வைப்பது இலக்கு. அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அவரை அன்போடு பார்த்துக்கொள்வது விழுமியம். அதற்கு இன்றிரவும் ஏதாவது செய்ய முடியும். செய்வதையும் பொத்தாம்பொதுவாக விடாமல், பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய முறைப்படி, இது நடந்ததும் இதைச் செய்வேன் என்ற வாக்கியமாக எழுதச் சொல்கிறார்கள். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டால், களைத்துப்போன நேரத்தில் புதிதாக மனத்தைத் தேற்ற வேண்டியிருப்பதில்லை. இரவு மாத்திரை கொடுத்துத் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்ததும், பிசியோதெரபிஸ்ட் காட்டிய விரல் பயிற்சியைச் செய்ய வைப்பேன் என்று நான் எழுதினேன். இது பழக்கமாக நிலைத்துவிட்டது. டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டதும் அப்பாவே இப்போது கையை நீட்டிவிடுகிறார்.

ஐந்தாவது வகுப்பில் சொன்ன ஒரு செய்தி, மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது. முன்பு சொன்ன அதே சூசன் ஃபோக்மன், சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்தவர்களைப் பராமரித்த அவர்களுடைய துணைவர்களைப் பல காலம் தொடர்ந்து கவனித்து, 1997-இல் முடிவுகளை வெளியிட்டார். அவர்கள் கடுமையான துயரத்தில் இருந்தார்கள் என்பதில் வியப்பில்லை. அதே நாட்களில் அவர்களுக்கு மகிழ்ச்சியான தருணங்களும் இருந்தன என்பதுதான் கண்டுபிடிப்பு. எது உதவியது என்று பார்த்தால், நோயைக் குணப்படுத்தும் பெரிய இலக்கு கைவிட்டுப் போன பிறகும், இன்று செய்து முடிக்கக்கூடிய சிறு வேலைகளை அமைத்துக்கொண்டது, செய்வதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்று பார்க்க முடிந்தது, அன்றாட நிகழ்வுகளில் நல்லதைக் கவனித்தது, ஆன்மிக நம்பிக்கை ஆகியவை. துயரம் தீர்ந்த பிறகுதான் நிம்மதி வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பதை நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எவரும் அன்றைக்கே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஸ்லைடுக்குப் போகாமல் வகுப்பை நடத்துபவர் சற்று நேரம் அங்கேயே நின்றது நல்ல முடிவு.

ஆனால் ஃபோக்மனின் ஆய்விலேயே இருக்கும் மறுபாதியை வகுப்பு பார்க்கவில்லை. பெரிய இலக்கை அவர்கள் விட்டார்கள், அதனால்தான் சிறியவற்றைப் பிடிக்க முடிந்தது. விடுவதைப் பற்றி இந்த 6 வாரங்களில் ஒரு சொல்கூட இல்லை. என் சி.ஏ. தேர்வை இலக்குப் படிவத்தில் எழுதியபோது, அதைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கவும், காலை ஐந்து மணிக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளவும் சொன்னார்கள். ஐந்து மணிக்கு எழுந்தால் அப்பாவும் எழுந்துவிடுவார் என்றேன். அப்படியானால் நான்கரை என்று எழுதிக்கொள்ளலாமே என்றார் உதவியாளர். விடாதே, முயற்சி செய் என்று சொல்ல இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அதற்கு 4,500 ரூபாய் தர வேண்டியதில்லை.

இலக்குகளே அழுத்தத்தின் காரணமாகவும் இருக்கலாம் என்பது ஆராய்ச்சியில் நெடுநாளாகத் தெரிந்த செய்தி. ராபர்ட் எம்மன்ஸும் லாரா கிங்கும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் முயற்சிகளைச் சுமப்பவர்களிடம் மனக்கலக்கமும் உடல் உபாதைகளும் கூடுதலாக இருந்தன. அப்படி முட்டிக்கொள்ளும் விஷயங்களில் அவர்கள் செயல்படுவது குறைந்தது, அவற்றையே நினைத்துக்கொண்டிருப்பது அதிகமானது. இதைப் படித்தபோது யாரோ என் அலமாரியில் இருக்கும் தேர்வுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது. கார்ஸ்டன் ரோஷ் குழுவினர் 2003-இல் இன்னும் நேரடியாகச் சொன்னார்கள்: எட்ட முடியாத இலக்கிலிருந்து விலகவும், பொருளுள்ள வேறொன்றில் ஈடுபடவும் முடிந்தவர்களின் மனநலம் மேலாக இருந்தது. இரண்டும் சேர்ந்து வர வேண்டும். வெறுமனே விட்டுவிட்டு நிற்பது தீர்வாகாது.

இதைச் செய்வதற்கான கருவி வகுப்பின் கையிலேயே இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். சீட்டு அடுக்கியபோது எனக்கு வந்தது கற்றுக்கொடுப்பது. அதற்கு சி.ஏ. பட்டம் அவசியமா? பட்டத்தின் மீதான ஆசை கற்றுக்கொடுப்பதிலிருந்து வருகிறதா, கையெழுத்துப் போடும் அதிகாரத்திலிருந்து வருகிறதா, உறவினர் திருமணங்களில் எழும் கேள்விகளிலிருந்து வருகிறதா? இரண்டாவது வாரத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் கேட்ட அதே கேள்வியை நான்காவது வாரத்தில் ஒவ்வோர் இலக்குக்கும் கேட்டிருந்தால் போதும். இது எந்த விழுமியத்துக்காக, அந்த விழுமியத்துக்கு வேறு வழி இருக்கிறதா, இருந்தால் இதை விடலாமா என்று மூன்றே கேள்விகள். இலக்குப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் ஒதுக்கலாம். நான் இன்னும் தேர்வை விடவில்லை, தொடர்வதாகவும் முடிவெடுக்கவில்லை. அடுத்த தேர்வுக்கான விண்ணப்பம் திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவருடைய வரிசையில் அதற்கு என்ன இடம் என்று அவரும் சொல்வதாக இருக்கிறார்.

இன்னொரு குறை சிறியதல்ல. வேலையில் சுமை அதிகமாகவும் தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருப்பதே மனத்தைத் தேய்க்கிறது என்று ராபர்ட் கராசெக் 1979-இலேயே எழுதினார். இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருவர் செய்யும்போது, அவருடைய விழுமியம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், தேவைப்படுவது இன்னொரு ஆள். வகுப்பு இதைப் பேசவே இல்லை. நிறுவனங்களுக்குப் போய் நடத்தித் தரும் ஒரு நாள் வடிவமும் இவர்களிடம் உண்டு என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

நடத்துபவரின் தகுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர். பதிவு எண் வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. இத்தகைய வகுப்புகளில் சேரும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் ஒரு வார இறுதிப் பயிற்சியை முடித்துவிட்டு ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டுபவர்கள் நகரில் நிறைய உண்டு. சேர்ப்பதற்கு முன் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசுகிறார்கள். தூக்கம், பசி, வாழ்வில் பிடிப்பின்மை பற்றியெல்லாம் கேட்டு, மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று தோன்றினால் பணம் வாங்காமல் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். முதல் நாளே எல்லோர் கையிலும் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ம், தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ம் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். இந்தப் பொறுப்புணர்ச்சியை மனமாரப் பாராட்டுகிறேன்.

இடம் சுமார். மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான். மூட்டுவலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். மெட்ரோ பணிகளால் அந்தப் பக்கம் போக்குவரத்து வழி மாறிக்கொண்டே இருப்பதால் காரில் போவதைவிடப் பறக்கும் ரயிலில் மந்தைவெளி நிலையத்தில் இறங்கி நடப்பது நிம்மதி. காபி நன்றாக இருக்கும். தொடர்புக்கென்று வைத்திருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் காலை வணக்கப் படங்கள் குவிகின்றன. அழுத்தம் குறைக்கும் வகுப்பின் குழுவையே நான் சத்தமில்லாமல் வைத்திருக்கிறேன்.

பணம் கொடுக்காமல் இதே அறிவைப் பெற முடியாதா என்று கேட்டால், ஓரளவு முடியும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஒரு படக் கையேட்டை இலவசமாக வெளியிட்டது. அதன் ஐந்து பகுதிகளில் ஒன்று முழுக்க விழுமியங்களின்படி செயல்படுவதைப் பற்றியது. அந்தக் கையேட்டோடு இணைந்த குழுப் பயிற்சியை உகாண்டாவில் தஞ்சம் புகுந்திருந்த தென் சூடான் பெண்கள் 694 பேரிடம் சோதித்தபோது, பதிவுசெய்த ஒலிப்பாடங்களைக் கொண்டு நடந்த ஐந்தே அமர்வுகளில், மூன்று மாதம் கழித்தும் மன உளைச்சல் குறைந்திருந்தது. இவ்வளவு இருக்கும்போது இங்கே எதற்குப் போக வேண்டும்? நான் கண்ட பதில், அந்தப் பதினைந்து நாள் கேள்வி. தனியாக வீட்டில் உட்கார்ந்திருந்தால் என் குவியலை நான் சரித்திருக்க மாட்டேன்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், வேலை மாற்றம் அல்லது ஓய்வுபெறுதல் போன்ற திருப்பத்தில் நிற்பவர்கள் தயங்காமல் சேரலாம். நெடுங்காலமாக ஒரே இலக்கைத் துரத்திக் களைத்தவர்கள் சேர்ந்தால், அந்த மூன்று கேள்விகளைத் தாங்களே எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம், ஜிபே வசதி உண்டு, ரசீது கேட்டால்தான் தருகிறார்கள் என்பதால் கேட்டு வாங்குங்கள். முதல் வகுப்புக்குப் பிறகு விலகினால் 500 ரூபாய் போக மீதியைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் சீட்டு அடுக்குவதைப் பார்க்காமல் இந்த வகுப்பு தேவையா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான அந்தக் கெடுவை இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிவைக்கும்படி கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த குழு தொடங்கும்போது விதியை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.